பழைய அடியாரும் புதிய அடியாரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் மேலூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதிர்ந்த பருவத்தில் இறைவனின் அழைப்பைக் கேட்டு, இருந்த இடத்தை விட்டு, முன்பின் அறியாத ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்து, வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்குவது பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மேலூரில் நின்றுகொண்டு இப்பொருளைப் பேசுவதற்கு வெளியூரிலிருந்து எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இங்கிருந்து சில கல் தொலைவில் திருவாதவூர் இருக்கிறது. பாண்டியனின் அமைச்சராக இருந்து, அப்பதவியை உதறிப் பெருந்துறைக்குப் போனவரின் ஊர் அது. சங்கப் புலவர் கபிலரும் அவ்வூரினரே என்று சொல்லும் மரபும் உண்டு. பாரி மாய்ந்த பின் பறம்பை விட்டு இறங்கி வேறு நாடு சென்றவர் அவர். ஆக, ஒரே சிற்றூர் ஊரை விட்டுச் சென்ற இரு பெரும் புலவரைத் தனக்குரியவராகச் சொல்லிக்கொள்கிறது. சுற்றியுள்ள குன்றுகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள், அரிட்டாபட்டியின் கழிஞ்சமலை, வாதவூரின் ஓவாமலை, இவையெல்லாம் வீடு துறந்து வந்த சமண முனிவர்க்கு நம் முன்னோர் அமைத்துக் கொடுத்த இருப்பிடங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக வீட்டை விட்டு வந்தவர்களைப் பார்த்துப் பழகிய மண் இது.

திருவாதவூரடிகளின் கதை நீங்கள் அறியாதது அன்று. எனினும் என் பேச்சுக்கு வேண்டிய அளவில் அதை நினைவூட்டுகிறேன். தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்ற அமைச்சர், குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளோடு கீழைக் கடற்கரை நோக்கிப் போகிறார். வழியில் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில், அடியார் சூழ அமர்ந்திருந்த குருவைக் காண்கிறார். அத்தோடு அமைச்சர் முடிந்தார், அடியார் பிறந்தார். கொண்டுபோன பொருள் கோயிற்பணிக்குச் செலவாயிற்று. பின் நரி பரியானதும், பரி நரியானதும், வையை பெருகியதும், வந்தியின் பிட்டுக்காக இறைவன் மண் சுமந்து அடிபட்டதும் மதுரையில் குழந்தைகளும் சொல்லும் கதைகள். ஆவணியில் பிட்டுத் திருவிழாவன்று புட்டுத்தோப்புக்குப் போய் வந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள்.

இங்கே ஒரு தடை எழும். "அப்பருக்கு எண்பத்தொன்று, வாதவூரருக்கு முப்பத்திரண்டு என்றல்லவா வயதுக் கணக்கு இருக்கிறது? முப்பத்திரண்டு ஆண்டே வாழ்ந்தவரை முதிர்ந்த பருவத்துக்கு எப்படிச் சான்று காட்டுவீர்?" என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தேநீர் இடைவேளையிலேயே என்னை மடக்கினார். நியாயமான கேள்விதான். அடிகளின் காலத்தையே உறுதியாகச் சொல்ல முடியாமல் அறிஞர் வாதிட்டு வருகின்றனர். மறைமலையடிகள் மூன்றாம் நூற்றாண்டு என்றார். ஒன்பதாம் நூற்றாண்டு என்போர் பலர். காலமே வழக்கில் இருக்கும்போது வயதை மட்டும் முடிந்த முடிபாகக் கொள்வது எங்ஙனம்? அது கிடக்கட்டும். முதிர்வு என்பதை நான் ஆண்டுக் கணக்கால் அளக்கவில்லை, வேரின் ஆழத்தால் அளக்கிறேன். 1896இல் இதே மதுரையிலிருந்து அண்ணாமலைக்கு இரயிலேறிய வேங்கடராமன் என்னும் மாணவருக்கு வயது பதினாறு. பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அவர், விட்டுச் சென்ற பொருள்களில் பெரிதாகச் சொல்லத்தக்கது ஒரு பள்ளிக்கூடப் பை. வாதவூரரோ பதவி, பட்டம், அரசனின் நம்பிக்கை, கருவூலத்தின் பொறுப்பு எல்லாவற்றிலும் வேர்விட்டவர். பிடுங்கும்போது மண்ணும் சேர்ந்து வந்தது. பாண்டியனின் பொருள் என்பதுதான் அந்த மண்.

அப்பொருளைப் பற்றி ஒரு சொல். பக்தி நூல்களைக் கற்பிக்கும் நாம் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். எனக்கு அது மனநிறைவு தரவில்லை. குதிரை வாங்கக் கொடுத்த பணம் குடிமக்கள் கொடுத்த வரி அன்றோ? அதைக் கேட்ட அரசனின் சினத்தில் நியாயம் இருக்கிறது. நம் புராணக்காரர்களும் அதை மறைக்கவில்லை. அடிகளை வெயிலில் நிறுத்தினான், ஒறுத்தான் என்றே பாடுகிறார்கள். இறைவனே குதிரைச் சேவகனாக வந்தும் கணக்கு நேராகவில்லை. அன்றிரவே அது நரியாகிவிட்டது. அழைப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கடன் கரைந்துபோவதில்லை என்பதைக் கதை தன் போக்கிலேயே ஒப்புக்கொள்கிறது என்று நான் கொள்வேன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

ஆனால் நான் பேச வந்தது விட்டுச் செல்லும் துன்பம் பற்றி அன்று. போய்ச் சேர்ந்த பின் வரும் துன்பம் பற்றியது. துறவைப் பாடும் இலக்கியம் வாசற்படி தாண்டும் காட்சியைப் பெரிதாகப் பாடும். அப்பால் என்ன நடந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பேரின்பம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். வாதவூரர் அப்படி முடிக்கவில்லை. பெருந்துறைக் கூட்டத்தில் அவர் கடைசியாக வந்து சேர்ந்தவர். அவருக்கு முன்பே குருவோடு இருந்த அடியார் பலர். அவர்களை 999 என்று எண்ணிச் சொல்வாரும் உண்டு. அரசனிடமிருந்து விடுபட்டு ஒருவழியாக அக்கூட்டத்தோடு வந்து கலக்கிறார். அப்போதுதான் குரு விடைபெறுகிறார். பழைய அடியார் அனைவரையும் தம்மோடு அழைத்துக்கொண்டு, இவரை மட்டும் "நீ இரு" என்று நிறுத்திவிட்டுப் போகிறார். எல்லாவற்றையும் விட்டு வந்தவருக்கு வந்த இடமும் இல்லாமற்போயிற்று. திரும்பிப் போக அமைச்சர் பதவி இல்லை. சேர்ந்து வாழக் கூட்டமும் இல்லை.

திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளையும் இந்த ஒரு நிலையை மனத்திற்கொண்டு மீண்டும் படித்துப் பாருங்கள். உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டும் கைவிட்டுவிடாதே என்னும் ஒரே வேண்டுதல். செத்திலாப்பத்து, அவர்களோடு போகாமல் உயிரோடு நின்றுவிட்டேனே என்னும் தன்னிரக்கம். யாத்திரைப்பத்து, இல்லாத கூட்டத்தைத் தானே கூட்டிக்கொண்டு புறப்படுவோம் வாருங்கள் என்று அழைப்பது. பாவம் செய்தவன் அழுகை என்று இவற்றுக்கு உரை கூறுவது வழக்கம். அது பிழையன்று. எனினும் தாமதமாக வந்தவனின் அழுகை என்று சொல்வதே எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

திருவெம்பாவையின் மூன்றாம் பாட்டை நினைவிற்கொள்ளுங்கள். மார்கழி விடியலில் தோழியரை எழுப்பும் பெண்கள் வாசலில் நின்று பேசும் பேச்சு அது. உள்ளே இருப்பவளை அவர்கள் பழைய அடியார் வரிசையில் வைக்கிறார்கள். தங்களைப் புதிய அடியார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் குறையைப் பொறுத்து எங்களையும் சேர்த்துக்கொண்டால் குறைந்தா போய்விடும் என்பது போன்ற ஒரு கேள்வியும் வருகிறது. பாதி கிண்டல், பாதி மனக்குறை. மார்கழிதோறும் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அந்தக் குறை நம் காதில் விழுவதில்லை. பழையவர், புதியவர் என்ற வேறுபாடு அடியார் கூட்டத்திலும் உண்டு என்பதையும், புதியவராய் நிற்பதன் கூச்சம் எத்தகையது என்பதையும் அறிந்த ஒருவரால் மட்டுமே அப்படி எழுத முடியும். பெருந்துறையில் அவரே அப்படி நின்றவர் அல்லரோ!

திருநாவுக்கரசரின் நிலை வேறு. அவர் போனது புதிய இடத்துக்கு அன்று; தாம் பிறந்து வளர்ந்த நெறிக்குத் திரும்பி வந்தார். ஆனாலும் தருமசேனர் என்னும் பெயரோடு சமணரிடையே தலைமை பெற்று நெடுங்காலம் வாழ்ந்தவர், சூலை நோயோடு, இருளில், பாயையும் பீலியையும் விட்டு வெள்ளாடை உடுத்தித் திருவதிகைக்கு நடந்து வந்ததாகச் சேக்கிழார் பாடும்போது, வயது முதிர்ந்த ஒருவர் முதல் வகுப்பில் போய் உட்காருவது போலத்தான் தோன்றுகிறது. அங்கே அவருக்கு வாய்த்த நன்மை என்னவென்றால், வாசலில் நின்ற பழைய அடியார் அவருடைய தமக்கையே. திலகவதியார் கேள்வி கேட்கவில்லை, திருநீறு கொடுத்தார். மாபெரும் கல்வியாளரான தம்பி அதன்பின் கையில் எடுத்தது உழவாரம். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் வேலை! (இவ்வரலாற்றைச் சமணத்தைத் தாழ்த்துவதற்காகச் சொல்வோர் உண்டு. சமண முனிவர் வாழ்ந்த குன்றுகளின் நிழலில் அமர்ந்துகொண்டு நாம் அதைச் செய்ய வேண்டாம். அவர் கற்ற கல்வியில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான்.)

நம் காலத்துக்கு வருகிறேன். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் என்னும் ஆசிரமம் இருக்கிறது. 1950இல் அதைத் தொடங்கியவர் இருவர். ஒருவர் மொன்ஷானென் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1939இல் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயது. ஆசிரமம் தொடங்கும்போது ஐம்பதைக் கடந்துவிட்டார். மற்றவர் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட லெ சோ. கிறித்தவத் துறவும் இந்நாட்டுத் துறவும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு. காவி உடுத்தார்கள், கீற்றுக் குடிசையில் இருந்தார்கள். ஆனால் எதிர்பார்த்தபடி இளைஞர்கள் வந்து சேரவில்லை. 1957இல் மொன்ஷானென் பாரிசில் காலமானார். 1968இல் அபிஷிக்தானந்தர் வடக்கே இமயத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஆண்டில்தான், ஏறத்தாழ வெறுமையாகிவிட்ட அவ்விடத்துக்கு, பீட் கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலேயத் துறவி கேரளத்துக் குரிசுமலையிலிருந்து இரு தோழரோடு வந்து சேர்ந்தார். அவருக்கு வயது அறுபத்தொன்று! 1906இல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் கற்றவர், பெனடிக்டின் மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். மடத்தில் மூப்பும் மதிப்பும் பெற்றிருந்த நாளில், 1955இல், தமக்கு இன்னும் ஏதோ குறைகிறது, அது இந்தியாவில் இருக்கிறது என்று கப்பலேறினார். முதலில் பெங்களூர்ப் பக்கம், பின் குரிசுமலை, அதன்பின் தண்ணீர்ப்பள்ளி. மூன்று முறை புதியவராக நின்றவர். நம் வயதில் இடமாறுதல் ஆணை வந்தாலே நாம் படும் பாடு எவ்வளவு என்பதை உடனிருக்கும் ஆசிரிய நண்பர்கள் அறிவார்கள்.

அவரை எல்லோரும் மாலையிட்டு வரவேற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காவி உடுத்த வெள்ளைக்காரர் என்று இந்துக்களில் சிலர் ஐயுற்றனர். கிறித்தவரிலும் சிலர், இது என்ன புதுமை என்று முகம் சுளித்தனர். இருபுறமும் புதியவராகவே இருபத்தைந்து ஆண்டுகள் அக்காவிரிக் கரையில் வாழ்ந்து, 1993 மே மாதம் அங்கேயே தம் குடிசையில் காலமானார். அவர் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஒருவர் அறுபத்தொன்றில் வந்து எண்பத்தாறில் 'இவ்வூரார்' ஆகிவிட முடிந்தது என்பதே நான் இங்கே எடுத்துக்கொள்ளும் செய்தி.

ஜி.யு. போப் அவர்களையும் ஒரு சொல்லால் குறிப்பிட்டு அப்பால் போகிறேன். பத்தொன்பது வயதில் 1839இல் தமிழகம் வந்தவர், திருவாசக மொழிபெயர்ப்பை முடித்து அதன் முன்னுரைக்குத் தேதியிட்டது 1900 ஏப்ரல் 24இல், தம் எண்பதாவது பிறந்த நாளில். வாதவூரரை முழுதாகச் சேர்வதற்கு அவருக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.

இதுவரை பேசியவர் எல்லாம் பெரும்பாலும் ஆடவர். பெண்களின் கதை எங்கே என்று கேட்பீர்கள். ஒன்று சொல்வேன். இவ்வவையில் உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் இருபது, இருபத்திரண்டு வயதில், முன்பின் அறியாத வீட்டில், அறியாத உறவில், சில வேளை அறியாத ஊர்ப்பேச்சில் கொண்டுபோய் விடப்பட்டவர்கள். அதற்குத் துறவு என்றோ அழைப்பு என்றோ யாரும் பெயர் வைப்பதில்லை. புகுந்த வீடு என்கிறோம். அது இயல்பாம். அதே பெண் ஐம்பத்தைந்து வயதில், தானே விரும்பி, இறைவன் பெயரைச் சொல்லி வேறிடம் போகிறேன் என்றால் வீடு அதிர்கிறது. காரைக்காலம்மையார் தம் உடல் வனப்பையே உதறிவிட்டுப் பேய்க்கணத்தோடு சேர வேண்டியிருந்தது. பெண் போய்ச் சேர்வதற்கு வேறு எந்தக் கூட்டம் அன்று கதவு திறந்து வைத்திருந்தது?

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் எண்ணினேன்.

என் பெரியம்மா, அம்மாவின் மூத்த சகோதரி, 2004இல் தம் ஐம்பத்தேழாம் வயதில், பெரியப்பா மறைந்து மூன்று ஆண்டு கழித்து, வடக்கே ஒரு தலத்தில் உள்ள சிறிய மடத்தில் சமையற்கட்டுப் பணிக்குப் போய்ச் சேர்வதாக அறிவித்தார். பிள்ளைகள் நல்ல நிலையில் இருந்தார்கள். வீட்டில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. "கூப்பிடுறாங்க, போறேன்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார். ஊரே கூடித் தடுத்தது. பிள்ளைகளுக்குப் பழி வருமே என்றார்கள்.

நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. என் ஆய்வுப் பொருள் திருவாசகம். அடியார் கூட்டம் என்னும் இயலைத்தான் அந்த மாதங்களில் எழுதிக்கொண்டிருந்தேன். படித்த பெண் சொன்னால் கேட்பார் என்று என்னை அனுப்பினார்கள். நானும் போனேன். "பெரியம்மா, பக்தி என்றால் வீட்டிலிருந்தே செய்யலாம், இந்த வயதில் ஓர் இடத்தில் போய்ப் பழகிக்கொள்வது கடினம், அங்கே உங்களை யாருக்குத் தெரியும்?" என்று ஒரு மணி நேரம் வாதிட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முடிவில், "நீ அதைத்தானே படிக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடையில்லை. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் கேட்ட எந்தக் கேள்வியும் என்னை அப்படி நிறுத்தவில்லை.

போவதற்கு முன் இரண்டு மாதம் கணக்குத் தீர்த்தார். சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்டி முடித்தார். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் நின்றதைக் கொடுத்தார். கைமாற்று வாங்கியதைத் திருப்பித் தந்து, தமக்கு வரவேண்டியதில் வராது என்று தெரிந்ததைத் தள்ளிவிட்டார். நகைகளை மருமகள் இருவருக்கும் எடை பார்த்துப் பிரித்தார். குதிரைப் பணத்தைப் பற்றி நான் முன்பு அழுத்திப் பேசியது அவரிடம் கற்ற பாடம். எந்த அரசனும் தம்மைத் தேடி ஆள் அனுப்பாதபடி பார்த்துக்கொண்டே அவர் பேருந்தேறினார்.

ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தேன். நாற்பது பேருக்குச் சமைக்கும் கை பழகிவிட்டது. ஆனால் மாலை வழிபாட்டில் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் பதிகங்களை மனப்பாடமாகப் பாடினார்கள். பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் தேடி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். "எல்லாரும் சின்னதிலேயே வந்தவங்க. நான் நேத்து வந்தவ" என்றார். வருத்தமாகவும் சொல்லவில்லை, வேடிக்கையாகவும் சொல்லவில்லை. இரவு அவர் பாயருகே படுத்திருந்தபோது அழுவது கேட்டது. திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டு, "இதுக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டாங்க போல" என்றார். நீத்தல் விண்ணப்பத்துக்கு நான் எழுதியிருந்த பதினான்கு பக்க விளக்கத்தை ஊர் திரும்பியதும் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன்.

அவர் திரும்பி வரவேயில்லை. 2016இல் அங்கேயே காலமானார். செய்தி கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மடத்துப் பெண்கள் சுற்றி அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லோரிலும் அதிகமாக அழுதவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். அங்கு வந்து எட்டு மாதமே ஆகியிருந்ததாம். நான் யாரென்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, தாம் வந்த முதல் நாள் மாலை வழிபாட்டில் தம்மைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் பெரியம்மா என்று சொன்னார். "அவங்களுக்குப் புத்தகம் வேண்டாம். எல்லாம் மனசிலேயே இருந்துச்சு" என்றும் சொன்னார்.

எனக்கு இப்போது நாற்பத்தேழு வயது.